சாமர்செட் மாம்: திக்கிய நாக்கும் திருவண்ணாமலை மௌனமும்

(அவலூர்பேட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓர் ஆங்கில எழுத்தாளரைப் பற்றி அவலூர்பேட்டையில் பேசுவானேன் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நம் சந்தைக்கும், சித்தகிரி முருகன் மலைக்கும், லண்டன் நாடகக் கொட்டகைக்கும் என்ன உறவு? உறவு இருக்கிறது. பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறது. திருவண்ணாமலையில் நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு சாலை உண்டு, அவலூர்பேட்டை ரோடு. அதே திருவண்ணாமலையில், செங்கம் சாலையில், ரமண மகரிஷி வாழ்ந்த ரமணாசிரமம் இருக்கிறது. 1938-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், அன்றைய உலகில் எழுத்தால் மிக அதிகம் சம்பாதித்தவர்களில் ஒருவர் அங்கே வந்தார். வந்த இடத்தில் மயங்கி விழுந்தார். அவர்தான் வில்லியம் சாமர்செட் மாம்.

அந்த மயக்கத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அவருடைய நாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமுக்குச் சிறுவயது முதல் கடைசிவரை திக்குவாய். அப்படிப்பட்டவர் ஆங்கில மேடையில் மிகச் சரளமான வசனங்களை எழுதிப் பெரும் பணக்காரர் ஆனார். அவர் வாழ்க்கையையும் எழுத்தையும் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

1874 ஜனவரி 25 அன்று பாரிஸ் நகரில், பிரிட்டிஷ் தூதரகத்துக்குள் அவர் பிறந்தார். பிரெஞ்சு மண்ணில் பிறக்கும் ஆண்பிள்ளைகளைப் பிற்காலத்தில் பிரெஞ்சு ராணுவம் இழுத்துக்கொள்ளுமோ என்ற அச்சத்தால் செய்த ஏற்பாடு அது. தகப்பனார் தூதரகத்துக்குச் சட்ட ஆலோசகர். பிள்ளை முதலில் பேசிய மொழி பிரெஞ்சு. எட்டு வயது நிறைந்த சில நாட்களிலேயே தாய் எடித் காசநோயால் இறந்துபோனார். இரண்டு ஆண்டு கழித்துத் தகப்பனாரும் போய்விட்டார். தாயின் புகைப்படம் ஒன்றைத் தொண்ணூறு வயது தாண்டியும் அவர் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். அவரை ஈரமில்லாத மனிதர் என்று எழுதியவர்கள் பலர். அந்தப் படத்தை நினைத்தால் எனக்கு அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை.

தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளை இங்கிலாந்துக்கு, கென்ட் மாவட்டத்து விட்ஸ்டபிள் என்ற கடலோர ஊருக்கு வந்தான். அங்கே சித்தப்பா பாதிரியார். குழந்தை இல்லாத, கண்டிப்பான வீடு. கேன்டர்பரியில் கிங்ஸ் பள்ளியில் சேர்த்தார்கள். ஆங்கிலம் சரியாக வராததைப் பையன்கள் கேலி செய்தார்கள். வாய் திக்கியபோது இன்னும் சிரித்தார்கள். ஒரு முறை ரயில் நிலையத்தில் டிக்கெட் வரிசையில் நின்று, போகவேண்டிய ஊரின் பெயர் வாயில் வராமல் தவித்தபோது, பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்து வரிசையை விட்டே தள்ளினார்கள். இதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

அந்தப் பையன் கடவுளிடம் கேட்டான். நம்பிக்கையோடு வேண்டினால் மலையும் நகரும் என்று சித்தப்பா வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். காலையில் எழும்போது நாக்கு சரியாகியிருக்க வேண்டும் என்று இரவெல்லாம் வேண்டினான். காலை வந்தது, நாக்கு அப்படியே இருந்தது. 1915-இல் வந்த அவருடைய மிகப் பெரிய நாவலான ‘ஆஃப் ஹ்யூமன் பாண்டேஜ்’ படித்தவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். நாவலில் பிலிப் கேரி என்ற பையனுக்குப் பிறவியிலேயே வளைந்த பாதம். தன் திக்குவாயைத்தான் மாம் அந்தப் பாதமாக மாற்றி எழுதினார். வேண்டுதல் பலிக்காத காலையோடு பிலிப்பின் நம்பிக்கை உடையத் தொடங்குகிறது. மாமின் நம்பிக்கையும் அப்படித்தான் போயிற்று. ஐம்பது ஆண்டுக்கு மேல் கழித்துத் திருவண்ணாமலைக்கு வந்தவர் இந்தப் பையன்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதிரியாராகவோ வக்கீலாகவோ போக அந்த நாக்கு இடம் தராது. ஜெர்மனியில் ஹைடல்பர்க்கில் சில காலம் படித்துவிட்டு, லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் டாக்டர் படிப்புக்குச் சேர்ந்தார். அந்த ஐந்து ஆண்டுகளே அவருக்கு உண்மையான பள்ளிக்கூடம் என்று நான் நினைக்கிறேன். லாம்பெத் என்னும் ஏழைகள் பகுதியில் வீடு வீடாகப் பிரசவம் பார்க்கப் போனார். மூன்று வாரத்தில் 63 பிரசவம் பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். இடுக்கான மாடிப்படிகளும், ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்திருக்கும் குடும்பங்களும், வலியில் கத்தும் பெண்ணும், குடித்துவிட்டு வாசலில் நிற்கும் கணவனும் அவருக்குக் கண்முன் பாடமானார்கள். அங்கே டாக்டர் அதிகம் பேச வேண்டியதில்லை. பார்க்கவும் கேட்கவும் தெரிந்தால் போதும். அந்தப் பார்வையில் பிறந்ததுதான் 1897-இல் வந்த முதல் நாவல் ‘லைசா ஆஃப் லாம்பெத்’. புத்தகம் நன்றாக விற்றது. டாக்டர் பட்டம் கையில் இருந்தும் தொழிலை விட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்தார்.

பிறகு பத்து வருடம் கஷ்டம். நாவல்கள் வந்தன, போயின. நாடகங்களை மேலாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். 1907-இல் ஒரு கொட்டகையில் ஒரு நாடகம் திடீரென்று தோற்று, அந்த இடத்தை நிரப்ப அவசரமாக எடுத்துப் போட்டதுதான் அவருடைய ‘லேடி ஃபிரெடரிக்’.

இந்த நாடகத்தில் ஒரு காட்சியைச் சொல்லியே ஆகவேண்டும். கூத்துப் பார்த்து வளர்ந்த ஊர் இது. சொன்னால் உங்களுக்கு உடனே பிடிபடும். தன்னைவிட வயதில் மிகச் சிறிய ஒருவன் தன்மேல் பித்தாக இருப்பதைப் பார்த்து, அவனை விலக்கிவிட நினைக்கிறாள் ஒரு நடுவயதுச் சீமாட்டி. காலை வெளிச்சத்தில், அலங்காரம் ஏதுமில்லாத முகத்தோடு அவனை ஒப்பனை அறைக்குள்ளேயே வரச்சொல்கிறாள். அவன் கண்ணெதிரே ஒவ்வொன்றாகப் பூசிக்கொள்கிறாள். பொய்முடியும் சாயமும் பவுடரும் எங்கிருந்து வருகின்றன என்று அவன் பார்க்கிறான். புகழ்பெற்ற நடிகைகள் பலர் இந்தக் காட்சிக்காகவே அந்த வேடத்தை ஏற்க மறுத்தார்கள். வேடக்காரர் சபைமுன் தோன்றும்வரை முகம் தெரியாமல் நம் கூத்துக்காரர்கள் திரை பிடிக்கிறார்களே, அந்தத் திரையை எடுத்துவிட்டார் மாம். எதில் மயங்குகிறோம் என்பதை மறைக்காமல் காட்டுவது அவருக்குக் கடைசிவரை இருந்த பழக்கம்.

நாடகம் ஓடியது. 1908-இல் லண்டனில் ஒரே நேரத்தில் அவருடைய நான்கு நாடகங்கள் நடந்துகொண்டிருந்தன. ‘பஞ்ச்’ பத்திரிகை ஒரு கேலிச்சித்திரம் போட்டது. மாமின் நாடகச் சுவரொட்டிகளுக்கு முன்னால் ஷேக்ஸ்பியர் நகம் கடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த நாட்களில் விருந்துகளில் எல்லோரும் மாமின் வசனங்களைத் திருப்பிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்க, அதை எழுதியவர் அதே மேசையில் ஒரு சொல்லுக்காக உதட்டோடு போராடிக்கொண்டிருந்திருப்பார். தனக்கு வராத பேச்சையெல்லாம் நடிகர்களின் வாயில் வைத்தார். அந்த வசனங்களின் வேகத்தைப் படிக்கும்போதெல்லாம், அது ஒரு மனிதனின் ஏக்கம் என்றே எனக்குப் படுகிறது.

முதல் உலகப்போரில் ஆம்புலன்ஸ் படையில் வேலை பார்த்தார். பிரெஞ்சுக் கடற்கரையில் தங்கியிருந்தபடியே ‘ஆஃப் ஹ்யூமன் பாண்டேஜ்’ அச்சுப்படிகளைத் திருத்தினார். பிறகு பிரிட்டிஷ் உளவுத்துறைக்காகச் சுவிட்சர்லாந்திலும், 1917-இல் ரஷ்யாவிலும் வேலை செய்தார். அந்த அனுபவம் ‘ஆஷென்டன்’ கதைகளானது. பிற்கால உளவு நாவல்கள் பலவும் அதற்குக் கடன்பட்டவை. பசிபிக் தீவுகள், சீனா, மலாயா என்று அலைந்து எழுதிய சிறுகதைகள் உலகமெங்கும் போயின. கல்லூரியில் ஆங்கிலத் துணைப்பாடம் படித்தவர்களில் பலர் ‘தி லஞ்சன்’, ‘தி வெர்ஜர்’ கதைகளைத் தாண்டி வந்திருப்பீர்கள். சொந்த வாழ்க்கை அவ்வளவு நன்றாக அமையவில்லை. 1917-இல் சிரி என்பவருடன் நடந்த திருமணம் மணமுறிவில் முடிந்தது. உடன் வாழ்ந்த துணை ஜெரால்ட் ஹாக்ஸ்டன். பிரான்சின் தென்கரையில், காப் ஃபெரா என்ற இடத்தில் பெரிய பங்களா. விருந்தாளிகளுக்குக் குறைவில்லை.

உலக சுகத்தின் உச்சியில் இருந்த இந்த எழுத்தாளர் திரும்பத் திரும்ப யாரைப் பற்றி எழுதினார் என்று பாருங்கள். 1919-இல் வந்த ‘தி மூன் அண்ட் சிக்ஸ்பென்ஸ்’ நாவலில், பங்குச் சந்தை வேலை, மனைவி, பிள்ளைகள் என எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓவியம் வரையப் போகிறான் ஒருவன். ஓவியர் கோகனின் வாழ்க்கையை வைத்துப் புனைந்தது அது. 1933-இல் அவர் எழுதிய கடைசி நாடகம் ‘ஷெப்பி’. முடிதிருத்தும் கடையில் வேலை செய்யும் ஒருவருக்குப் பெரிய லாட்டரிப் பரிசு விழுகிறது. பைபிளில் சொன்னபடியே வாழப்போகிறேன், பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கப்போகிறேன் என்கிறார். திருடனையும் தெருப்பெண்ணையும் வீட்டுக்கு அழைத்து வருகிறார். குடும்பம் பதறுகிறது. இவருக்குப் பைத்தியம் என்று டாக்டரை வைத்துச் சான்று வாங்கப் பார்க்கிறது. கடைசியில் மரணமே ஒரு பெண் வடிவில் அவரைத் தேடி வருகிறது. சிரிக்க வந்த லண்டன் கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. இனி நாடகமே எழுதுவதில்லை என்று மாம் மேடையை விட்டு விலகினார்.

ஆகவே திருவண்ணாமலைக்கு அவர் வந்ததை ஒரு சுற்றுலாப் பயணியின் வேடிக்கையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகும் மனிதனை அவர் இருபது ஆண்டாகத் துரத்திக்கொண்டிருந்தார். ஓவியனாகவும், முடிதிருத்துபவராகவும் எழுதிப் பார்த்தார். விடை கிடைக்கவில்லை. கிப்ளிங் இந்தியாவைப் பற்றி எல்லாம் எழுதித் தீர்த்துவிட்டார் என்று இத்தனை காலமும் இந்தப் பக்கம் வராமல் இருந்தவர், 64 வயதில் வந்தார். வந்தவர் புலி வேட்டையைவிடச் சாதுக்களையும் பண்டிதர்களையும் தேடிப் போனார்.

சென்னையிலிருந்து சில மணி நேரக் கார்ப் பயணத்தில் ஆசிரமம் சேர்ந்தார். அங்கே மதியம் எதிர்பாராமல் மாம் மயங்கி விழுந்தார். ஆசிரமத்தில் 1935 முதல் தங்கியிருந்த மேஜர் சாட்விக் என்ற ஆங்கிலேயரின் குடிலுக்குள் அவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார்கள். கூடத்துக்கு வர முடியாத நிலையில் இருக்கிறார் என்று தெரிந்ததும், ரமணர் தாமே அந்தக் குடிலுக்கு வந்தார். எதிரே உட்கார்ந்தார். இருவரும் பேசவில்லை. கால்மணி என்றும் அரைமணி என்றும் சாட்சிகள் சொல்வதில் சிறு வேறுபாடு உண்டு. கடைசியில், ஏதாவது பேச வேண்டுமா என்று மாம் தயங்கிக் கேட்டதாகவும், மௌனமும் உரையாடல்தான் என்னும் பொருளில் ரமணர் விடை சொன்னதாகவும் சாட்விக் பதிவு செய்திருக்கிறார்.

இந்தக் காட்சியில் இருக்கும் இருவரையும் யோசித்துப் பாருங்கள். ஒருவர், ஒவ்வொரு விருந்திலும் ஒவ்வொரு சந்திப்பிலும் முதல் சொல் வருமா வராதா என்று ஐம்பது ஆண்டுக்கு மேல் அஞ்சிய மனிதர். மற்றவரோ பேச்சையே எதிர்பார்க்காதவர். மாமை அறியவோ மதிக்கவோ அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் தேவைப்படாத ஒருவர் முன்னால் மாம் உட்கார்ந்தார். சிறுவயதில் வேண்டியபோது கிடைத்த மௌனம் அவரைக் கைவிட்ட மௌனம். இங்கே கிடைத்தது பக்கத்தில் வந்து உட்கார்ந்த மௌனம். இது என் வாசிப்பு. மாம் இப்படி எழுதவில்லை. அவர் உணர்ச்சியைக் கொட்டி எழுதுகிறவர் அல்லர்.

அவர் என்ன எழுதினார் என்பதில்தான் அவர்மேல் எனக்குள்ள மரியாதை இருக்கிறது. அவர் மயங்கி விழுந்த செய்தி ஊர் ஊராகப் பரவி, வெள்ளைக்கார எழுத்தாளருக்குச் சமாதி கூடிவிட்டது என்று ஆகிவிட்டது. இந்தியப் பயணத்தின் மிச்ச நாட்களில் அவரைப் பலர் வியப்போடு வந்து பார்த்தார்கள். புகழை விரும்பும் வேறொருவராக இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொண்டிருப்பார். மாமோ, தனக்கு முன்பும் இப்படி மயக்கம் வந்ததுண்டு, டாக்டர்கள் அதற்கு உடற்காரணம் சொல்லியிருக்கிறார்கள் என்று வெளிப்படையாக எழுதினார். மயங்கியபோது தான் எதையும் காணவில்லை என்பதையும் மறைக்கவில்லை. லேடி ஃபிரெடரிக் சாயத்தைக் கழுவிய முகத்தைக் காட்டியது போன்ற நேர்மை அது. அதற்காக ரமணரைக் குறைத்து ஒரு வரியும் எழுதவில்லை. தான் கண்ட மனிதரின் எளிமையையும் கனிவையும் கண்டபடியே சொன்னார்.

ஆறு ஆண்டு கழித்து, 1944-இல், ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ வந்தது. தலைப்பு கடோபநிஷத்திலிருந்து எடுத்தது. நடுவில் உலகப்போர். 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்தபோது நிலக்கரிக் கப்பலில் நெருக்கியடித்துக்கொண்டு தப்பியவர், அமெரிக்காவில் தென் கரோலினாவில் உட்கார்ந்து இதை எழுதினார். கதாநாயகன் லாரி டேரல், முதல் போரில் விமானம் ஓட்டிய இளைஞன். தன்னைக் காப்பாற்றப் போன நண்பன் கண்ணெதிரே சாவதைப் பார்த்தவன். நிச்சயித்த பெண், வேலை, வசதி எல்லாவற்றையும் விட்டு அலைகிறான். காசிக்குப் போகிறான், மதுரைக் கோயிலைப் பார்க்கிறான், திருவிதாங்கூரில் ஸ்ரீ கணேசர் என்ற குருவிடம் தங்குகிறான். இடத்தையும் பெயரையும் மாற்றினாலும், அந்தக் குருவுக்குப் பின்னால் நிற்பவர் திருவண்ணாமலைக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

கதை சொல்கிறவர் பெயர் மாம். எழுத்தாளரே தன் பெயரோடு நாவலுக்குள் நடமாடுகிறார். நம் பாரதக் கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறானே, ராஜாவோடும் பேசுவான், சனங்களோடும் பேசுவான், எல்லாப் பாத்திரத்தையும் தெரிந்தவன், ஆனால் அருச்சுனன் ஆகமாட்டான். அந்த இடம்தான் மாமுக்கு. லாரி கண்டதைத் தானும் கண்டதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

எனக்கு இந்த நாவலில் குறையும் உண்டு. இந்திய அனுபவம் முழுவதும் பாரிஸில் ஒரு காபிக்கடையில், விடிய விடிய லாரி சொல்லும் பேச்சாக வருகிறது. அத்வைதம், மறுபிறவி, மாயை எல்லாம் உரையாடலாகவே ஓடுகின்றன. அந்த அத்தியாயத்தை வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம் என்று மாமே தொடக்கத்தில் அனுமதி தருகிறார். ஆனால் அந்த உரையாடல் இல்லாவிட்டால் இந்த நூலையே எழுதியிருக்கமாட்டேன் என்றும் சேர்த்துச் சொல்கிறார். முப்பது ஆண்டு வசனம் எழுதிய கை அது. சாட்விக் குடிலில் சும்மா உட்கார்ந்திருந்த அந்த நேரத்தை எழுத அதற்கு வழி தெரியவில்லை என்றே நினைக்கிறேன். நாவல் லட்சக்கணக்கில் விற்றது, 1946-இல் ஹாலிவுட் படமானது. அப்போதைய விமர்சகர் எட்மண்ட் வில்சன் மாமை இரண்டாந்தர எழுத்தாளர் என்று கடுமையாக எழுதினார். மொழிநடையில் மாம் புதுவழி எதுவும் போடவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போரில் நொந்துபோன ஒரு தலைமுறை இளைஞர்கள் தங்கள் கேள்வியை இந்த நூலில் கண்டார்கள். அது சின்னக் காரியமல்ல.

மாம் அத்தோடு விடவில்லை. 1958-இல், 84 வயதில், ‘பாயிண்ட்ஸ் ஆஃப் வியூ’ என்ற கட்டுரைத் தொகுப்பில் ‘தி செயின்ட்’ என்று ரமணரைப் பற்றி நேரடியாக எழுதினார். ரமணர் சமாதியாகி எட்டு ஆண்டு ஆகியிருந்தது. எழுத்தாளர் எழுத்திலிருந்து ஓய்வுபெறும் வேளை. இருபது ஆண்டுக்கு முன் சிறிது நேரம் பார்த்த ஒருவரை அப்போதும் மனத்திலிருந்து இறக்கிவைக்க முடியவில்லை. பின்னாளில் ரமணரான, மதுரையில் பதினாறு வயதுப் பையன் வேங்கடராமனுக்கு வந்த மரண அனுபவத்திலிருந்து அந்த வாழ்க்கையைச் சொல்கிறார். அண்ணன் கல்லூரிச் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு 1896-இல் அந்தப் பையன் கிளம்பினான். அந்தப் பயணத்தின் கடைசிப் பகுதி நம் ஊர்ப்பக்கத்து மண்ணில் நடந்தது. பழைய வரைபடத்தைப் பார்த்துத் திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கி, நடுவில் விழுப்புரத்தில் இறங்கி, மிஞ்சிய காசுக்கு மாம்பழப்பட்டு வரை ரயிலில் போய், அங்கிருந்து அரகண்டநல்லூருக்கு நடந்தே போனான். கீழூரில் கடுக்கனை அடகு வைத்தான். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தான். உலகம் சுற்றிய ஒரு கதைக்காரர், கற்பனை ஏதும் கலக்காமல், நம் ஊர்ப்பக்கத்து ரயிலடிகளின் வழியாக நடந்த ஒரு பையனைப் பற்றி எழுத உட்கார்ந்தார் என்பதை நினைக்க எனக்கு நெஞ்சு நிறைகிறது. நாவலைவிட இந்தக் கட்டுரையே மேலானது என்பது என் முடிவு. இதில் அவர் யாரையும் பேச வைக்க வேண்டியிருக்கவில்லை.

அவருடைய கடைசி ஆண்டுகள் நன்றாக இல்லை. நினைவு தடுமாறியது. இறந்துபோன முன்னாள் மனைவியைப் பற்றிக் கசப்பாக எழுதினார், மகளோடு நீதிமன்றம் வரை போனார். இதை மறைத்து அவரை முனிவராக்கினால், அவர் கற்றுக்கொடுத்த நேர்மைக்கே துரோகம் செய்கிறோம். திருவண்ணாமலைக்கு வந்து போனதால் அவர் மாறிவிடவில்லை. 1965 டிசம்பர் 16 அன்று, 91 வயதில், நீஸ் நகரில் காலமானார். அஸ்தியைக் கேன்டர்பரியில், அவரைப் பையன்கள் கேலி செய்த அதே கிங்ஸ் பள்ளியில், அவர் பெயரில் அமைந்த நூலகத்துக்கு அருகே தூவினார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘தி வெர்ஜர்’ கதையில் தொடங்குங்கள்; ஆங்கிலம் எளிது, அரைமணியில் முடியும். பிறகு ‘ஆஃப் ஹ்யூமன் பாண்டேஜ்’. நீளம் என்று பயப்படாதீர்கள், பிலிப் உங்களை விடமாட்டான். ‘தி செயின்ட்’ கட்டுரையை முதலில் படித்துவிட்டு ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ பக்கம் போங்கள்.

இங்கே கூத்துக் கலைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், நாடகம் போடும் இளைஞர்களும் இருக்கிறார்கள். உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ‘ஷெப்பி’யைத் தமிழில் போடுங்கள். ஒரு சலூன், பரிசு விழுந்த ஒரு சீட்டு, பணம் வந்ததும் தகப்பனைப் பைத்தியம் என்று சொல்லத் துணியும் குடும்பம், இதில் எதை மாற்ற வேண்டியிருக்கிறது? தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி இல்லை, அதனால் கதையை அதற்கு முந்திய ஆண்டுகளில் வைத்துக்கொள்ளலாம். மரணம் நேரில் வந்து பேசும் கடைசிக் காட்சியில் லண்டன் கூட்டம் குழம்பியது. எமதருமன் மேடை ஏறிப் பார்த்துப் பழகிய நம் சனங்கள் குழம்பமாட்டார்கள். வசனத்தைத் தமிழாக்கித் தர நான் தயார். நடிக்க யார் வருகிறீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள்.